நூற்றுக்கு இரண்டு பங்கு மெழுகு: பியோரியா மார்கரின் சோதனை, ஒரு நிகழ்வு ஆய்வு

சூரியகாந்தி எண்ணெய் ஆலைக்காரருக்கு மெழுகு என்றாலே தலைவலி. விதையின் மேல்தோலில் இருக்கும் மெழுகு, பிழியும்போது கொஞ்சம் எண்ணெயோடு இறங்கிவிடுகிறது. அளவு சொற்பம்தான். ஆனால் குளிரான இடத்தில் நாலு நாள் பாட்டில் நின்றால் எண்ணெய் பனிமூட்டம் போட்டதுபோலக் கலங்கும். வாங்கியவர் கலப்படம் என்று நினைத்துக் கடைக்குத் திருப்பிக் கொண்டுவருவார். அதனால் ஆலையிலேயே எண்ணெயைக் குளிரவைத்து, மெழுகு திரளும்வரை காத்திருந்து, வடிகட்டி எடுத்துவிடுகிறார்கள். வடித்த எண்ணெயை 0 டிகிரி செல்சியஸில் ஐந்தரை மணி நேரம் வைத்துப் பார்ப்பது வழக்கமான சோதனை. தெளிவு கெடாமல் இருந்தால் தேறியது. தவிட்டு எண்ணெயில் இந்தத் தொல்லை இன்னும் பெரிது, ஏனென்றால் கச்சா எண்ணெயில் நூற்றுக்குச் சில பங்கு மெழுகாகவே இருக்கும். அரிசித் தவிட்டிலிருந்து பெருமளவில் எண்ணெய் எடுக்கும் நம் நாட்டில் இந்த வடிகட்டிக் கசடு மலைபோலச் சேர்கிறது.

அந்தக் கசடைச் சுத்தம் செய்து, எதிலிருந்து வடித்து எடுத்தார்களோ அதே மாதிரியான எண்ணெயில் திரும்பப் போட்டால் என்ன ஆகும்? அமெரிக்காவின் பியோரியாவில் இருக்கும் வேளாண் துறை ஆய்வுக்கூடத்தில் ஹாங்-சிக் ஹ்வாங் குழுவினர் இதைச் செய்து பார்த்தார்கள். 2012ல் சோயா எண்ணெயை மெழுகால் ஜெல்லாக்கிய ஆய்வும், 2013ல் அந்த ஜெல்லிலிருந்து மார்கரின், அதாவது வெண்ணெய்க்குப் பதிலாக எண்ணெயிலிருந்து செய்யும் தடவுகொழுப்பு, செய்த ஆய்வும் வெளிவந்தன. எண்ணெயை இப்படி ஜெல்லாக்கும் ஓலியோஜெல் துறையில் நூற்றுக்கணக்கான கட்டுரைகள் இருக்கின்றன. இந்த 2013 சோதனையை நான் எடுத்துக்கொள்ளக் காரணம், மூன்று மெழுகுகளில் இரண்டு அதில் சறுக்கின. சறுக்கியவைதான் விஷயத்தைத் திறந்து காட்டுகின்றன.

ஊரும் தேவையும்

பியோரியா இலினாய் மாநிலத்தில் இருக்கிறது. சுற்றிலும் சோளமும் சோயாவும். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் பெனிசிலினைப் பெருமளவில் வளர்க்கும் வழியைக் கண்டதும் இதே ஆய்வுக்கூடம்தான். உபரி விளைச்சலுக்குப் புதுப் பயன் கண்டுபிடிப்பது அதன் வேலை. சோயா எண்ணெய்க்குப் புதுப் பயன் தேட வேண்டிய நெருக்கடி 2000களில் வந்தது.

சோயா எண்ணெய் திரவம். ரொட்டியில் தடவவும், பிஸ்கட்டுக்கு மாவு பிசையவும் கெட்டிக் கொழுப்பு வேண்டும். அதற்காகப் பல பத்தாண்டுகள் எண்ணெயில் ஹைட்ரஜனை ஏற்றிக் கெட்டியாக்கினார்கள். நம் ஊரில் வனஸ்பதி, வாய்வழக்கில் டால்டா, அதே சங்கதிதான். ஹைட்ரஜனைப் பாதியில் நிறுத்தும்போது டிரான்ஸ் கொழுப்பு உண்டாகிறது. அது இதயத்துக்குக் கேடு. அமெரிக்காவில் 2006 முதல் பாக்கெட்டில் டிரான்ஸ் கொழுப்பின் அளவை அச்சிட வேண்டியதாயிற்று. 2015ல், பாதி ஹைட்ரஜன் ஏற்றிய எண்ணெயைப் பாதுகாப்பானது என்று இனி ஏற்க முடியாது என உணவு, மருந்து நிர்வாகம் தீர்மானித்தது. இந்தியாவில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2021 ஜனவரியில் 3 சதவீதம், 2022 ஜனவரியில் 2 சதவீதம் என்று உச்சவரம்பை இறக்கியது.

மாற்றாகக் கைக்கு எட்டியது பாமாயில். ஆனால் அது கெட்டியாக நிற்பதே நிறைவுற்ற கொழுப்பின் தயவால். டிரான்ஸை விரட்டிவிட்டு நிறைவுற்ற கொழுப்பைக் கூட்டுவதில் பாதி லாபம்தான். எண்ணெய் எண்ணெயாகவே இருக்க வேண்டும், ஆனால் கத்தியில் எடுத்தால் நிற்க வேண்டும். கேள்வி அதுதான்.

கெட்டி என்பது எது

வெண்ணெய்க் கட்டியை எடுத்துக்கொண்டால், அதில் உள்ள கொழுப்பு முழுக்கக் கெட்டி இல்லை. அறை வெப்பத்தில் பெரும்பகுதி திரவ எண்ணெய். மீதி நுண்ணிய கொழுப்புப் படிகங்கள். அவை ஒன்றோடொன்று ஒட்டி வலைபோல நிற்க, இடைவெளிகளில் எண்ணெய் சிக்கிக்கொள்கிறது. கெட்டித்தன்மை வலையினுடையது, எண்ணெய் அதில் குடியிருக்கிறது. அப்படியானால் அந்த வலையைக் கொழுப்பைக் கொண்டுதான் பின்ன வேண்டுமா?

சாதாரணக் கொழுப்பு மூலக்கூறு முக்காலி மாதிரி. ஒரு கிளிசரால், அதில் மூன்று கொழுப்பு அமிலக் கால்கள். மெழுகின் முக்கியக் கூறான மெழுகு எஸ்டர் அப்படி இல்லை. நீளமான ஒரு கொழுப்பு அமிலமும் நீளமான ஒரு கொழுப்பு ஆல்கஹாலும் நுனியோடு நுனி சேர்ந்த ஒரே நேர்க்கோடு. தேன்மெழுகில் உள்ள ஒரு எஸ்டரில் அமிலத்தின் 16 கார்பனும் ஆல்கஹாலின் 30 கார்பனும் சேர்ந்து 46 கார்பன். முக்காலிகளை அடுக்குவது சிரமம். ஊதுபத்திகளைக் கட்டாகச் சேர்ப்பது சுலபம். அந்த நீளமும் நேரான வடிவமும் இரண்டு காரியம் செய்கின்றன. சூடான எண்ணெயில் கரையும் மெழுகு, ஆறும்போது கரைந்து நிற்க மாட்டாமல் கிட்டத்தட்ட முழுவதுமாகப் படிகமாகி வெளியே வந்துவிடுகிறது. ஒரு பங்கு போட்டால் ஏறக்குறைய ஒரு பங்கும் வலை கட்ட வேலைக்கு வருகிறது. இது முதலாவது.

இரண்டாவதுதான் முக்கியம்: வெளியே வரும் படிகம் தட்டையானது. உளுந்து மாவை உருண்டையாகப் பிடித்து அண்டாவில் போட்டால் அடியில் ஒரு மூலையில் கிடக்கும். அதே மாவை அப்பளமாக இட்டுக் காயவைத்துக் கண்டபடி போட்டுப் பாருங்கள். ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்து, குறுக்கும் நெடுக்குமாக நின்று அண்டாவையே நிரப்பிவிடும். மாவு அதே அளவுதான். மெழுகுப் படிகங்கள் எண்ணெய்க்குள் இப்படித்தான் நிற்கின்றன. 2012 ஆய்வில் நூற்றுக்கு அரைப் பங்கு சூரியகாந்தி மெழுகு சோயா எண்ணெயை ஜெல்லாக்கியது. ஒரு லிட்டர் எண்ணெய்க்கு ஏறக்குறைய ஒரு தேக்கரண்டி.

இந்த அப்பள உண்மை தெரியவே சில காலம் ஆயிற்று. சாதாரண நுண்ணோக்கியில் மெழுகு ஜெல்லைப் பார்த்தவர்கள் எல்லாம் ஊசி ஊசியாகத் தெரிகிறது என்றே எழுதிவந்தார்கள். 2015ல் கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழகத்தில் பிளேக், மராங்கோனி இருவரும் உறையவைத்த மாதிரிகளை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்து, அவை தட்டுகள் என்று காட்டினார்கள். ஓரம் மட்டும் கண்ணில் படும்போது தட்டு ஊசிபோலத் தெரிந்திருக்கிறது. பக்கவாட்டில் பார்த்த அப்பளம் ஒரு கோடுதானே.

இதே பௌதிகம் வேறு இடத்தில் வில்லன். ராஜஸ்தானின் மங்களா வயலில் எடுக்கும் கச்சா எண்ணெயில் மெழுகு அதிகம். குழாயில் ஆறினால் அப்படியே இறுகி நின்றுவிடும். அதனால் குஜராத் கடற்கரை நோக்கி 600 கிலோமீட்டருக்கும் மேல் வழிநெடுகச் சூடேற்றிய குழாயில் அதைக் கொண்டுபோகிறார்கள். அங்கே குற்றவாளி நேர்ச்சங்கிலி ஆல்கேன்கள், அதாவது கார்பனும் ஹைட்ரஜனும் மட்டுமே கொண்ட நீள மூலக்கூறுகள். அவையும் தட்டுத் தட்டாகத்தான் படிகின்றன.

மூன்று மெழுகுகள்

பியோரியாவில் மார்கரினுக்கு எடுத்தவை சூரியகாந்தி மெழுகு, தவிட்டு மெழுகு, காண்டெலில்லா மெழுகு.

முதல் இரண்டும் உறவுக்காரர்கள். ஏறக்குறைய முழுக்க எஸ்டர். சூரியகாந்தி மெழுகு 75 டிகிரியை ஒட்டி உருகும், தவிட்டு மெழுகு 80ஐ ஒட்டி. காண்டெலில்லா வேறு குலம். மெக்சிகோவின் வடக்குப் பாலைவனத்தில் இலையில்லாத குச்சி குச்சியாக வளரும் ஒரு கள்ளி வகைச் செடியின் மேற்பூச்சு அது. செடியை வேரோடு பிடுங்கி, அமிலம் கலந்த தண்ணீரில் கொதிக்கவிட்டு, மேலே மிதக்கும் நுரையை அகப்பையால் வழித்தெடுப்பது பழைய முறை. அதில் பாதியளவு ஹைட்ரோகார்பன், முக்கியமாக 31 கார்பன் கொண்ட ஆல்கேன். எஸ்டர் அதைவிடக் குறைவு. கூடவே பிசின் வகைகள், தனித்து நிற்கும் அமிலங்கள், ஆல்கஹால்கள்.

இங்கே ஒரு தவறான எண்ணத்தை ஒதுக்கிவிட வேண்டும். கெட்டியான மெழுகு கெட்டியான ஜெல்லைத் தரும் என்று யாருக்கும் தோன்றும். பிரேசில் பனைமரத்திலிருந்து வரும் கார்னாபா மெழுகு இவற்றில் மிகக் கடினம், 80 டிகிரிக்கு மேல்தான் உருகும். கார் பாலிஷில் அது இருப்பதே அதனால். ஆனால் எண்ணெயை ஜெல்லாக்குவதில் அது சோம்பேறி. 2009ல் தசநாயக்க முதலியோர் தவிட்டு மெழுகை கார்னாபா, காண்டெலில்லாவோடு ஒப்பிட்டபோது, எண்ணெயில் மெல்லிய நீண்ட படிகங்களாகப் பரவி நின்ற தவிட்டு மெழுகே சிறப்பாக ஜெல் கட்டியது. மெழுகு தனியாக எவ்வளவு கடினம் என்பதை விட, எண்ணெய்க்குள் எந்த வடிவில் வந்து நிற்கிறது என்பதே கணக்கு.

நடந்தது

வெறும் எண்ணெயில் மூன்றுமே ஜெல் கட்டின. அதோடு நிறுத்தியிருந்தால் இன்னொரு வெற்றிக் கட்டுரையாக முடிந்திருக்கும். ஆனால் மார்கரின் வெறும் ஜெல் இல்லை. ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு கொழுப்புக்குள் மீதித் தண்ணீரை நுண்துளிகளாகச் சிதறவைத்த குழம்பு. சூடாக இருக்கும்போதே தண்ணீரையும் உப்பையும் பிறவற்றையும் கலந்து, கலக்கிக்கொண்டே சடாரென்று குளிர்விக்க வேண்டும். இந்தப் படியில்தான் மூன்றும் மூன்று திசையில் போயின.

காண்டெலில்லா பிரிந்துவிட்டது. குழம்பாக்கிய பிறகு எண்ணெயும் தண்ணீரும் தனித்தனியே போயின. அவர்கள் வைத்திருந்த சேர்மானத்தில் மார்கரினே வரவில்லை. தவிட்டு மெழுகு ஜெல்லாக இருந்தபோது நல்ல உறுதி காட்டியது. மார்கரினாக்கியதும் அந்த உறுதி சரிந்து விழுந்தது. சூரியகாந்தி மெழுகு மட்டும் இரண்டு நிலையிலும் முதலிடத்தில் நின்றது. சோயா எண்ணெயில் 2 முதல் 6 சதவீதம் சூரியகாந்தி மெழுகு போட்ட மார்கரினின் உறுதி, 18 முதல் 30 சதவீதம் ஹைட்ரஜன் ஏற்றிய சோயா எண்ணெய் போட்டதற்கு ஈடாக இருந்தது.

இந்தக் கணக்கை இரண்டு முறை படிக்க வேண்டும். முப்பது பங்கு கெட்டிக் கொழுப்பு செய்த வேலையை ஆறு பங்கு மெழுகு செய்கிறது. டப்பாவில் வரும் மென்மையான ஸ்பிரெட்டின் பதத்துக்குச் சுமார் 2 பங்கே போதுமானதாக இருந்தது. ஆனால் காகிதம் சுற்றிக் கட்டியாக விற்கும் குச்சி மார்கரினின் உறுதியை எட்டச் சுமார் 10 பங்கு தேவைப்பட்டது.

ஏன் அப்படி

தவிட்டு மெழுகின் சரிவுதான் என்னை அதிகம் யோசிக்கவைத்தது. சூரியகாந்தி மெழுகைப் போல அதுவும் எஸ்டர் மயம். பிறகு ஏன்?

வீட்டில் ஒரு சிறு பரீட்சை செய்து பார்த்தேன். தவிட்டு மெழுகு கைக்குக் கிடைக்கவில்லை, தேன்மெழுகும் நல்லெண்ணெயும்தான். ஒரே பாத்திரத்தில் உருக்கி இரண்டு கிண்ணத்தில் ஊற்றினேன். ஒன்றை அசையாமல் ஆறவிட்டேன், மற்றதை ஆறும் மட்டும் கரண்டியால் கிண்டிக்கொண்டே இருந்தேன். அசையாதது கிண்ணத்தைச் சாய்த்தாலும் நகரவில்லை, விரலால் அழுத்தினால் குழி விழுந்தது. கிண்டியது களிம்பாக வந்தது, வழவழவென்று, தடவ இதமாக. களிம்பு காய்ச்சுகிறவர்கள் இறக்கிய பிறகும் கிண்டுவதை நிறுத்தாததன் காரணம் இதுதான் போலும். கிரேக்க மருத்துவர் கேலன் இரண்டாம் நூற்றாண்டில் தேன்மெழுகு, எண்ணெய், தண்ணீர் மூன்றையும் அடித்துக் குளிர்க் களிம்பு செய்தார் என்பார்கள். அதுவும் கிண்டிய வலைதான்.

கொழுப்பு வலையை உடைத்தால் கொஞ்சம் ஆறவிட்டுத் தேற்றலாம். அதில் இன்னும் படிகமாகாத மிச்சம் இருக்கும்; அது மெல்லப் படிகமாகி உடைந்த துண்டுகளை ஒட்டவைக்கும். மெழுகில் அந்த மிச்சம் இல்லை. முன்பு வரமாகச் சொன்ன அதே குணம், போட்டதெல்லாம் ஒரே மூச்சில் படிகமாகிவிடுவது, இங்கே சாபம். சுவர் எழும்பும்போதே தட்டிவிட்டால் பூச்சுக்குச் சிமென்ட் பாக்கி இல்லை. நீண்ட பெரிய தட்டுகளாக வளரும் மெழுகுக்குக் கலக்குதலில் சேதம் அதிகம். கலக்கும்போதே சிறுசிறு தட்டுகளாக நிறையப் பிறக்கும் மெழுகுக்குக் குறைவு. தவிட்டு மெழுகின் சரிவை நான் இப்படித்தான் வாசிக்கிறேன். எஸ்டர் எத்தனை சதவீதம் என்ற ஒரே எண்ணை வைத்துக்கொண்டு மெழுகைத் தேர்வு செய்வது, ஜாதகத்தில் ஒரு கட்டத்தை மட்டும் பார்த்துப் பொருத்தம் சொல்வது மாதிரி. சங்கிலி நீளங்கள் எவ்வளவு கலந்திருக்கின்றன, சுத்திகரிப்பில் தங்கிய அமிலமும் பிசினும் எவ்வளவு, எவ்வளவு வேகமாகக் குளிர்ந்தது, குளிரும்போது அசைந்ததா என்பதெல்லாம் சேர்ந்தே படிகத்தின் அளவைத் தீர்மானிக்கின்றன. வேகமாகக் குளிர்வித்தால் படிகங்கள் சிறிது, எண்ணிக்கை அதிகம். மெதுவாகக் குளிர்வித்தால் பெரிது, குறைவு. கடைசியில் எண்ணெய் கசிகிறதா நிற்கிறதா என்பது அந்த அளவைப் பொறுத்தது.

காண்டெலில்லா பிரிந்ததற்கு அதன் கதம்பச் சேர்மானத்தையே நான் சந்தேகிக்கிறேன். தனித்து நிற்கும் அமிலமும் ஆல்கஹாலும் எண்ணெய்-தண்ணீர் எல்லையில் போய் உட்காரக்கூடியவை. குழம்பைத் தாங்கிப் பிடிக்கப் போட்ட பொருளோடு அவை இடத்துக்குப் போட்டி போட்டிருக்கலாம்.

துளிக்குள் தட்டு

அதே 2013ல் குவெல்ஃபில் ஐஸ்கிரீம் செய்து பார்த்தார்கள். பால் கொழுப்புக்குப் பதிலாக, 10 சதவீதம் தவிட்டு மெழுகு சேர்த்த சூரியகாந்தி எண்ணெய். கிளிசரால் மோனோஒலியேட் என்ற குழம்பாக்கியைச் சேர்த்தபோது, வெறும் எண்ணெய் போட்டதைவிட ஐஸ்கிரீமில் காற்று அதிகம் பிடித்தது. ஆனால் வெளியே வைத்தால் வடிவம் குலையாமல் மெதுவாக உருகும் அந்தக் குணத்தை மெழுகால் சுலபத்தில் கொண்டுவர முடியவில்லை. மார்கரினில் எண்ணெய்தான் கடல், தண்ணீர் துளி. ஐஸ்கிரீமில் தலைகீழ்: கொழுப்புதான் துளி, அதுவும் ஒரு மைக்ரான் அளவில். எண்ணெய் முழுக்கப் பரவிப் பின்ன வேண்டிய வலை, இங்கே தனித்தனி டப்பாக்களில் அடைபட்டுவிடுகிறது. தம்ளருக்குள் அப்பளத்தை நிறுத்தி அண்டாவை நிரப்ப முடியாது.

வாயும் சட்டமும்

வெண்ணெய் நாக்கில் கரைவது அது 35 டிகிரிக்குள் உருகுவதால். மெழுகு ஜெல் உடம்புச் சூட்டில் உருகாது. 2 பங்கில் அது பெரிய குறையாகத் தெரிவதில்லை, ஏனென்றால் பல்லும் நாக்கும் அழுத்தும்போதே வலை உடைந்து எண்ணெய் வழிகிறது. 10 பங்கு ஏற்றினால் மெழுகுவத்தியைக் கடித்த உணர்வு அண்ணத்தில் ஒட்டும். குச்சி மார்கரினுக்காக மெழுகைக் கூட்டிக்கொண்டே போவது அதனால் நல்ல வழியில்லை.

மெழுகு எஸ்டர் மனிதக் குடலில் சரியாகச் செரிக்காது. எஸ்கோலார் என்ற கடல் மீனில் அது ஏராளம். ஆசையாகச் சாப்பிட்டவர்களுக்கு எண்ணெயாகவே பேதி போகும். மார்கரினில் 2 பங்கு என்பது அந்த அளவுக்கு அருகில் கூட வராது. ஆனாலும் கேள்வி கேட்கப்படும், கேட்கப்படவும் வேண்டும். தேன்மெழுகு இ901, காண்டெலில்லா இ902, கார்னாபா இ903 என்று உணவு எண்கள் இருப்பதென்னவோ உண்மை. அவை பழத்துக்கும் மிட்டாய்க்கும் பளபளப்புப் பூச்சாகப் போடுவதை மனத்தில் வைத்துத் தரப்பட்டவை. பூச்சில் போவது துளி. உணவின் உடம்பாகவே மெழுகு போவது வேறு விஷயம்.

பிரிந்த மெழுகு திரும்பியது

பியோரியாவில் ஹ்வாங்கும் விங்க்லர்-மோசரும் 2020ல் மறுபடி காண்டெலில்லாவை எடுத்தார்கள், இம்முறை தேன்மெழுகோடு கலந்து. தேன்மெழுகில் மூன்றில் இரண்டு பங்கு எஸ்டர், மீதி ஹைட்ரோகார்பனும் தனி அமிலமும். ஏழு ஆண்டுகளுக்கு முன் பிரிந்து போன காண்டெலில்லா, தேன்மெழுகோடு கூட்டுச் சேர்ந்தபோது மார்கரினாக நின்றது. கலவை, அதே அளவில் தனித்தனியே போட்ட எந்த மெழுகையும் விட உறுதியாகவும் இருந்தது. 31 கார்பன் ஆல்கேனும் 46 கார்பன் எஸ்டரும் ஒன்றின் அடுக்கில் மற்றது முழுசாகப் பொருந்தாது. ஒன்று வளரும் இடத்தில் மற்றது முட்டும். பெரிய தட்டாக யாரும் வளர முடியாமல் சிறு தட்டுகள் நிறைய வரும் என்பது எனக்குத் தோன்றும் காரணம். 2013ல் எந்தக் கதம்பம் காண்டெலில்லாவைக் கவிழ்த்தது என்று சந்தேகப்பட்டேனோ, அதே கதம்பம் இங்கே கைகொடுத்திருக்கிறது.

தேன்மெழுகு விலை கூடியது. காண்டெலில்லாச் செடியோ பன்னாட்டு வர்த்தகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருக்கிறது. சூரியகாந்தி, தவிட்டு மெழுகுகள் வடிகட்டித் துணியில் சும்மா ஒட்டிக்கொண்டு வருகின்றன. ஆனால் ஒட்டியிருக்கும் எண்ணெயையும் வடிகட்டப் போட்ட தூளையும் பிரித்து, வெளுத்து, உணவுத் தரத்துக்குக் கொண்டுவரத் தனி ஆலை வேண்டும். நம் தவிட்டு எண்ணெய் ஆலைகளில் அடுத்து யாராவது பணம் போட்டால் அந்தச் சுத்திகரிப்பில்தான் போட வேண்டியிருக்கும். எண்ணெயை ஜெல்லாக்கும் வேலைக்கு ஒரு அடுப்பும் ஒரு குளிர்விக்கும் தொட்டியுமே போதும்.